கோயிலுக்குப் போகாத துப்பாக்கி

செத்த மாட்டைப் பார்க்க உங்களைக் கூப்பிட்டால், கத்தியை வெளியே எடுப்பதற்கு முன்னால் ஒரு சொம்புத் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடியுங்கள். தாகம் இல்லாவிட்டாலும் கேளுங்கள். என் முதல் மேலதிகாரி அப்படித்தான் செய்வார். மகா கோபக்காரர். நாற்காலி ஒரு விரல்கடை நகர்ந்திருந்தால்கூடக் கத்துவார். ஆனால் செத்த மாட்டின் முன்னால் போய் நின்றுவிட்டால் சாதுவாகிவிடுவார். "கொஞ்சம் தண்ணி குடுங்கம்மா" என்பார். சொம்பு வந்து, அது காலியாகும்வரை அவர் கண் சும்மா இருக்காது. யார் அழுகிறார்கள், யார் அழுகிற மாதிரி நிற்கிறார்கள், மாட்டின் தலை எந்தப் பக்கம் கிடக்கிறது, கயிறு அறுந்ததா அவிழ்த்ததா, எல்லாவற்றையும் பார்த்து முடித்திருப்பார். மனிதருக்கு ஏதோ சர்க்கரை வியாதி என்றுதான் நான் வெகு நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

புதிதாகக் கால்நடைத் துறைக்கு வந்திருக்கும் உங்களுக்கு இப்போது பரிசோதனைக்கூடம் இருக்கிறது, போன் இருக்கிறது, சந்தேகம் வந்தால் படம் எடுத்து யாருக்காவது அனுப்பிவிடுகிறீர்கள். நல்லதுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு ஊரே கூடி நின்று, "ஒரு வார்த்த சொல்லுங்க" என்று உங்கள் வாயைப் பார்க்கும்போது, அந்த ஒரு வார்த்தையை எப்போது சொல்வது என்பதைப் போன் சொல்லித்தராது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அறுபதுகளின் கடைசி. தர்மபுரி சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமாகிச் சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. நல்லம்பள்ளிப் பக்கம் ஒரு மாட்டாஸ்பத்திரியில் நான் இருந்தேன். வத்தல்மலை அடிவாரத்து ஊர்கள் பாதி என் பொறுப்பில். சைக்கிள் போகும் இடம்வரை சைக்கிள், அப்புறம் சைக்கிள் என் தோளில்.

அந்த ஊர்களில் கடலை போட்டவனுக்கும் காட்டுப்பன்றிக்கும் தீராத வழக்கு. காய் பிடிக்க ஆரம்பித்ததும் பன்றி குடும்பத்தோடு மலையிலிருந்து இறங்கிவிடும். பயிர்க் காவலுக்கென்று லைசென்ஸ் வாங்கின நாட்டுத் துப்பாக்கி சில வீடுகளில் உண்டு. தோட்டாவைச் சொருகிச் சுடும் துப்பாக்கி என்று நினைத்துவிடாதீர்கள். குழாயின் வாய்வழியாகக் கரிமருந்தைக் கொட்டி, தேங்காய் நாரை வைத்துக் கம்பியால் இடித்து, அதன்மேல் ஈயக்குண்டை இறக்கி, மறுபடி நாரை வைத்து இடிக்க வேண்டும். அதைக் கெட்டிப்பது என்பார்கள். குண்டுகூடக் கடையில் வாங்குவதில்லை. ஈயத்தை உருக்கி அவரவர் வீட்டிலேயே வார்த்துக்கொள்வதுதான்.

இந்தத் துப்பாக்கிகளுக்கு வருஷத்தில் ஒருநாள் பன்றியைத் தவிர வேறு வேலை வரும். சித்திரையில் மாரியம்மன் கரகம் ஏரியிலிருந்து புறப்படும் நேரம், துப்பாக்கிக்காரர்கள் எல்லாரும் ஏரிக்கரையில் வரிசையாக நின்று ஆகாசத்தைப் பார்த்துச் சுடுவார்கள். அதற்குக் குண்டு கிடையாது. மருந்தும் நாரும் மட்டும்தான். அந்தச் சத்தம்தான் அம்மனுக்கு மரியாதை. ஒரு வருஷம் நானும் போய் நின்று காதைப் பொத்திக்கொண்டு ரசித்திருக்கிறேன்.

அடுத்த வருஷம் அதே திருவிழா அன்று, வெயில் உச்சிக்கு வந்த நேரத்தில், வேட்டியெல்லாம் மஞ்சள் தண்ணியோடு ஒருவர் ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தார். "மாதையன் மாடு வுழுந்திருச்சுங்க டாக்டரய்யா. சுட்டுட்டாங்க" என்றார்.

மாதையனை எனக்குத் தெரியும். நாற்பது வயது இருக்கும். சண்டை பிடிக்கத் தயங்காத ஆள், ஆனால் மாட்டுக்கு முன்னால் மெழுகு. ஆலம்பாடி இனத்து ஜோடி ஒன்று வைத்திருந்தார். கொம்பு, நடை, நிறம் எதிலும் ஒன்றுக்கொன்று வித்தியாசம் சொல்ல முடியாது. அந்த ஜோடிக்கு ஊசி போடப் போனால் மாட்டைவிட அவர்தான் அதிகம் நெளிவார். சந்தையில் யாராவது பல்லைப் பிடித்துப் பார்த்தால்கூட அவருக்குப் பொறுக்காது.

அவருடைய நிலம் ஏரிக்கு அந்தாண்டை. கோயில் கொட்டுச் சத்தம் நன்றாகக் கேட்கும், அங்கே நிற்பவர்களை அடையாளம் தெரியாது, அவ்வளவு தூரம். நான் போய்ச் சேர்ந்தபோது திருவிழாக் கூட்டத்தில் பாதி அங்கே இருந்தது. கிணற்று மேட்டுக்குக் கீழே கல்தொட்டி. அதன் பக்கத்தில் மாடு ஒருச்சாய்ந்து விழுந்து, கழுத்து நீண்டு கிடந்தது. பிடரியில், கொம்புகளுக்குப் பின்னால், ஒரு துளை. ரத்தம் அதிகமில்லை. மாதையனின் மனைவி காவேரி மாட்டின் முகத்தை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாதையன் தோளில் துப்பாக்கியோடு நின்றிருந்தார். கோயிலிலிருந்து நேரே வந்தவர்கள் இன்னும் சிலர் தோளிலும் துப்பாக்கி இருந்தது.

"புள்ள மாதிரி வளத்தனுங்க. அந்தா, அந்த வூட்டுக்காரன் சுட்டுப்புட்டான்" என்று மாதையன் மோவாயால் காட்டினார்.

காட்டிய திசையில், ஒரு கடலைக்காடு தாண்டி ஓட்டு வீடு ஒன்று. கதவு சாத்தியிருந்தது. வீட்டை ஒட்டி வைக்கோல் போர். அது சவரியப்பன் வீடு. மூன்று தலைமுறையாக அங்கே பயிர் செய்யும் கத்தோலிக்கக் குடும்பம். அவரிடமும் லைசென்ஸ் துப்பாக்கி உண்டு.

திருவிழாப் பாதுகாப்புக்கு வந்திருந்த ஏட்டு என்னைத் தனியே தள்ளிக்கொண்டு போய் விஷயத்தைச் சொன்னார். அதற்கு முந்தின வாரம் இந்த மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு சவரியப்பன் கடலைக்குள் இறங்கியிருக்கிறது. "இன்னொருவாட்டி வந்துச்சுனா மாடுன்னு கூடப் பாக்க மாட்டன், சுட்டுருவன்" என்று அவர் ஊர் கேட்கக் கத்தியிருக்கிறார்.

"அதெல்லாம் வுடுங்க சார். இந்த ஊருல இருக்கற துப்பாக்கி அத்தனையும் காலைல ஏரிக்கரைல நின்னுச்சு. என் கண்ணால பாத்தன். கோயிலுக்குப் போகாத துப்பாக்கி ஒன்னே ஒன்னுதான். அது அவன் வூட்ல இருந்தது" என்றார் ஏட்டு. "துப்பாக்கிக் காயந்தான்னு நீங்க ஒரு வார்த்த சொன்னீங்கன்னா ஆள இப்பவே கூட்டிட்டுப் போயிருவன். இல்லாட்டி இவனுங்கள என்னால புடிச்சு வெக்க முடியாது."

அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. கூட்டத்தில் ஒருவர், "பொழுது சாயறதுக்குள்ள அவன் போரு எரியும் பாரு" என்று சொல்வது என் காதிலேயே விழுந்தது. போர் பற்றிக்கொண்டால் வீடு தப்பாது. சாத்திய கதவுக்குப் பின்னால் பிள்ளைகள் இருந்தார்கள்.

துப்பாக்கிக் காயம் என்பது பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. சொல்லலாம், பொய்யில்லை. ஆனால் அந்த இடத்தில் அந்த வார்த்தைக்குச் சவரியப்பன் என்றுதான் அர்த்தம். சொல்லாமலும் இருக்க முடியாது, காயம் எல்லார் கண்ணுக்கும் முன்னால் இருந்தது. என்ன செய்வதென்று தெரியாதபோது நான் எதைச் செய்வேன் என்று உங்களுக்கு இப்போது தெரியும்.

"எனக்குத் தாகமா இருக்கு" என்றேன்.

யாரோ கிணற்றுப் பக்கம் திரும்பினார்கள். "வேண்டாம், அந்த வூட்ல வாங்கிக் குடிச்சிக்கறன்" என்று சொல்லிவிட்டுச் சவரியப்பன் வீட்டைப் பார்த்து நடந்தேன். கூட்டத்துக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் தாகம் என்று போகிறவனை யாரும் மறிப்பதில்லை. ஏட்டு மட்டும் பின்னாலேயே வந்தார்.

கதவைத் தட்டியதும் சவரியப்பனே திறந்தார். முகம் வெளுத்திருந்தது. தண்ணீர் கொடுத்தார். ஏட்டு கேட்காமலேயே துப்பாக்கியை எடுத்துக் கொடுத்தார். ஏட்டு குழாய் வாயை முகர்ந்து பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். சுட்ட துப்பாக்கியின் நாற்றம் அழுகின முட்டை மாதிரி இருக்கும். இருந்தது.

"நேத்து ராத்திரி பன்னிக்குச் சுட்டனுங்க" என்றார் சவரியப்பன். "இன்னிக்குத் தொடவே இல்லீங்க. நான் கத்துனது நெசம். கோவத்துல கத்துனது. வாயில்லா சீவன சுடுவனுங்களா?"

எனக்கு அவரை நம்பவும் வழியில்லை, நம்பாமலிருக்கவும் வழியில்லை. சும்மா எதையாவது கேட்போம் என்று, "இப்ப கெட்டிச்சிருக்கா?" என்று கேட்டேன். துப்பாக்கி என் கையில் இருந்ததால் கொஞ்சம் பயமும்தான்.

"ஐயோ இல்லீங்க. கெட்டிச்சதை எப்பிடிங்க வூட்ல வெக்கறது, கொழந்தைங்க இருக்கற வூடு."

"கெட்டிச்சுட்டு, பன்னி வராமப் போச்சுன்னா? எப்பிடி எறக்குவீங்க?"

நான் ஏதோ வேடிக்கையாகக் கேட்டுவிட்டேன் என்பதுபோல் அந்தக் கலவரத்திலும் அவர் என்னைப் பார்த்தார். "எறக்கறதெங்கீங்க? இடிச்சு எறக்குனது திரும்ப வருமா? சுட்டாத்தான் எறங்கும்" என்றார்.

அந்த பதிலின் அர்த்தம் அப்போது எனக்குப் பிடிபடவில்லை. தண்ணீரைக் குடித்துவிட்டு மாட்டிடம் திரும்பினேன்.

அறுத்துப் பார்த்த விவரத்துக்குள் உங்களைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. முக்கியமானது இரண்டு. முதலாவது, குண்டு இருந்த இடம். மண்டையோடும் கழுத்தின் முதல் எலும்பும் சேருமிடத்தில் ஒரு சின்ன இடைவெளி இருக்கிறதே, அதற்குள் போய்த் தண்டுவடத்தில் உட்கார்ந்திருந்தது. மாடு தலையை நிமிர்த்தி நிற்கும்போது அந்த இடைவெளி மூடிக்கொள்ளும், முகத்தைக் கீழே தாழ்த்தினால்தான் திறக்கும் என்பது உங்களுக்குத் தெரியும், பரீட்சைக்குப் படித்திருப்பீர்கள். இரண்டாவது, குண்டின் உருவம். அதற்கு முன்னால் பன்றி என்று நினைத்துச் சுட்ட மாடுகளைப் பார்த்திருக்கிறேன். பக்கத்திலிருந்து சுட்டால் ஈயம் எலும்பில் பட்டு அப்பளமாய்ச் சப்பையாகிவிடும். இது வார்த்த உருவம் கலையாமல் சுண்டுவிரல் துண்டுபோல் அப்படியே இருந்தது. வேகம் தீர்ந்துபோய் வந்த குண்டு. உடம்பில் வேறு எங்கே விழுந்திருந்தாலும் மாடு பிழைத்திருக்கும்.

குண்டைப் பஞ்சில் சுற்றி யாருக்கும் காட்டாமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். மேலதிகாரியிடமிருந்து ஒட்டிக்கொண்ட இன்னொரு பழக்கம் அது. கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டு முடிப்பதற்குள் கண்டதைக் காட்டிவிட்டால், அதற்கப்புறம் எல்லாரும் அதற்கு ஏற்ற மாதிரிதான் பேசுவார்கள்.

"சுட்டதுதானே சார்?" என்றார் ஏட்டு.

"சுட்டதுதான்" என்றேன். கூட்டம் நகர்ந்தது. "இருங்க. எங்கிருந்துன்னு நான் இன்னும் சொல்லல."

ஒரு வேப்பங்குச்சியை ஒடித்துக் காயத்தின் போக்கிலேயே வைத்தேன். கழுத்து நீண்டு கிடந்த மாட்டின் முதுகுக்கு மேலாகப் பின்பக்கம் போய், குச்சி சவரியப்பன் வீட்டை நேராகக் காட்டியது. ஆணி அடித்த மாதிரி காட்டியது. கூட்டத்தில் எழுந்த முணுமுணுப்பைக் கேட்டு எனக்கே ஒரு கணம் தப்புப் பண்ணிவிட்டோமோ என்றிருந்தது.

"அம்மா, மாடு வுழறப்ப என்ன செஞ்சிட்டிருந்துச்சு?" என்று காவேரியைக் கேட்டேன்.

"தண்ணி குடிச்சிட்டிருந்துச்சுங்க. தவுட்டுத் தண்ணி. நாந்தான் கலக்கிட்டிருந்தன். மாவெளக்கு எடுத்துட்டு கோயிலுக்குப் போவணும்னு, இதுங்களுக்குக் காட்டிட்டுப் போலாம்னு வந்தன். கோயில்ல வெடி சத்தம் கேட்டுச்சு. கொஞ்சத்துல இது அப்பிடியே வுழுந்துருச்சு."

"கிட்ட வெடிச்ச சத்தம் கேட்டுச்சா? அந்த வூட்டுப் பக்கம்?"

அவர் யோசித்தார். அந்த யோசனைக்குக் குறுக்கே யாரும் பேசாமலிருக்க நான் கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டேன். "இல்லீங்க" என்றார் கடைசியில். "கோயில் சத்தந்தான் கேட்டன்."

"அதோட ஜோடிய ஓட்டிட்டு வாங்க" என்றேன்.

ஓட்டி வந்தார்கள். ரத்த வாடைக்கு அது மிரண்டு தொட்டிப் பக்கமே வரமாட்டேன் என்றது. காவேரி எழுந்து போய் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஏதோ பேசினார். புதிதாகத் தவிட்டைக் கலக்கிக் காட்டினார். வெகுநேரம் கழித்து அது வந்து தொட்டிக்குள் வாயை வைத்தது. நான் குச்சியை அதன் பிடரியில், கொம்புக்குப் பின்னால், செத்த மாட்டில் எந்தப் போக்கில் இருந்ததோ அதே போக்கில் பிடித்தேன்.

குச்சி சவரியப்பன் வீட்டைக் காட்டவில்லை. மேலே காட்டியது. ஏரிப்பக்கம் லேசாகச் சாய்ந்து, வெறும் ஆகாசத்தைக் காட்டியது. அங்கிருந்த எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். ஏட்டும் பார்த்தார். மேலே ஒன்றுமில்லை, வெயில்தான் கண்ணைக் கூசவைத்தது. பக்கத்தில் மரம்கூடக் கிடையாது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு அப்போது சந்தோஷமாக இருந்தது. செத்த மாட்டின் பக்கத்தில் நின்றுகொண்டு சந்தோஷப்படலாமா என்று கேட்காதீர்கள். விடுகதை அவிழும்போது வருகிற சந்தோஷம் அது, இடம் பொருள் பார்க்காமல் வந்துவிடுகிறது. சவரியப்பன் வீட்டில் குடித்த தண்ணீரும் "சுட்டாத்தான் எறங்கும்" என்று அவர் சொன்ன வார்த்தையும் அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தன.

துப்பாக்கிக்காரர்களைப் பார்த்து, "கோயில்ல குண்டு போட்டுத்தான் சுடுவீங்களா?" என்றேன்.

சிரித்துவிட்டார்கள். "அம்மனுக்கு யாருங்க குண்டு போடுவா? வெறும் மருந்துதான்."

"மருந்த எங்க கெட்டிச்சீங்க?"

"ஏரிக்கரைலதான். அங்கயே கெட்டிச்சு அங்கயே சுடுவோம்."

"எல்லாருமா?"

ஆமாம் என்று தலையாட்டினார்கள். மாதையனும் ஆட்டினார். ஆனால் கொஞ்சம் தாமதித்து ஆட்டினார்.

"நேத்து ராத்திரி காட்டுக்காவலுக்குப் போனது யாரு?" என்று கேட்டேன்.

இரண்டு பேர் தாங்கள் என்றார்கள். இருவருமே பன்றிக்குச் சுட்டதைப் பெருமையாகச் சொன்னார்கள். மூன்றாவது ஆள் மாதையன். "நானும் போனனுங்க. எங்காட்டுப் பக்கம் பன்னி வரல" என்றார்.

"வரல. அப்ப நீங்க சுடல."

"இல்லீங்க."

"காலைல காவல் பரண்ல இருந்து எறங்கறப்ப துப்பாக்கி கெட்டிச்சபடியே இருந்துச்சா?"

மாதையன் தோளிலிருந்த துப்பாக்கியைக் கழற்றி, அதன் வாயைப் பார்த்தார். கூட்டத்துக்கு இன்னும் புரியவில்லை. அவருக்குப் புரிய ஆரம்பித்துவிட்டது, முகத்தில் தெரிந்தது.

"கரகம் எடுக்கற மேளம் கேட்டுச்சுங்க" என்றார் மெதுவாக. "நேரமாயிருச்சேன்னு பரண்ல இருந்து அப்பிடியே ஓடுனன். எல்லாரும் கெட்டிச்சிட்டிருந்தாங்க. நம்மளுது ஏற்கெனவே கெட்டிச்சதுதானேன்னு நின்னுட்டன். மேலதான சுடறோம். மேல யாருங்க இருக்கா?"

நான் பஞ்சைப் பிரித்துக் குண்டை அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

மாதையன் மாடு ஓட்டும் தார்க்குச்சியின் அடிமுனையை ஈரக் களிமண்ணில் குத்தி, அந்தக் குழியில்தான் ஈயம் வார்ப்பாராம். அது எனக்கு அதுவரை தெரியாது. அந்தக் குச்சியின் அடியில் ஒரு வெடிப்பு. அதனால் அவர் வார்க்கும் குண்டு ஒவ்வொன்றிலும் ஒரு பக்கமாகச் சின்ன வரப்பு ஓடும். கட்டைவிரலால் அந்த வரப்பைத் தடவிப் பார்த்தார். திருப்பி ஒருமுறை தடவினார்.

"எங்கூட்டு ஈயங்க" என்றார்.

ஏட்டுதான் முதலில் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "இதுக்கு நான் யாரு மேல கேஸ் எழுதறது?" என்று என்னைக் கேட்டார். ஆஸ்பத்திரிக்குத் திரும்பி என் அறிக்கையில் இருந்ததை இருந்தபடி எழுதினேன். மேலே சுட்ட குண்டு கீழே இறங்கியதால் மரணம் என்று. மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டு வந்தது, அது வேறு தொல்லை.

மாதையன் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். மாட்டின் கொம்பைப் பிடித்துக்கொண்டு, "நானே கொன்னுட்டனே" என்று அழுதார். பெரிய மனிதர் ஒருவர் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. இரண்டொருவர் சமாதானம் சொன்னார்கள். மாட்டுக்கு விதி முடிந்தது என்றார்கள், அம்மன் எடுத்துக்கொண்டாள் என்றார்கள்.

காவேரி தவிட்டுத் தண்ணியில் நனைந்த தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் புருஷனிடம் சொன்னார், கோபமாகக்கூட இல்லை. "அது குனிஞ்சிட்டிருந்துச்சு. நானும் அது பக்கத்துல குனிஞ்சிட்டுத்தாங்க இருந்தன்."

மாதையனின் அழுகை நின்றுவிட்டது. அவர் மனைவியின் தலையைப் பார்த்தார். அப்புறம் செத்த மாட்டின் பிடரியைப் பார்த்தார். இரண்டுக்கும் நடுவில் இருந்த இடத்தை அவர் கண்ணால் அளப்பது எனக்குத் தெரிந்தது. ஒரு முழம்கூட இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்து சவரியப்பன் வீட்டுக்குப் போனார். துப்பாக்கியைத் தொட்டியிலேயே சாத்திவிட்டுப் போனார். என்ன பேசிக்கொண்டார்கள் என்று தெரியாது, நான் போகவில்லை. கதவு திறந்து, பிள்ளைகள் வெளியே ஓடிவந்து வேடிக்கை பார்த்ததை மட்டும் பார்த்தேன். போருக்குத் தீ வைப்பேன் என்றவர் அதற்குள் கூட்டத்தில் எங்கோ கரைந்து போயிருந்தார்.

நான் சைக்கிளை எடுக்கும்போது மாதையன் திரும்பி வந்து ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டார். "ஒன்னு கேக்கறன் டாக்டரய்யா. இந்த மாதிரி கெட்டிச்சதை மேல பாத்து சுட்டு எறக்கறது எனக்குப் புதுசில்லீங்க. பன்னி வராத நாளெல்லாம் அப்பிடித்தான் எறக்குவோம். எங்கப்பனும் அப்பிடித்தான். கல்யாணத்துல, காது குத்துல எல்லாம் சுட்டிருக்கம். அந்த குண்டெல்லாம் எங்கீங்க எறங்கிச்சு?"

தெரியவில்லை என்றேன்.

அடுத்த சித்திரையில் என்னைக் கூப்பிட்டார்கள், போனேன். துப்பாக்கி மரியாதையை விடவில்லை, விடவும் மாட்டார்கள். ஆனால் ஏரிக்கரையில் ஒரு புது ஏற்பாடு. வந்த துப்பாக்கி ஒவ்வொன்றையும் முதலில் கரைமண்ணைப் பார்த்துச் சுட்டு இறக்கவேண்டும், பிறகு எல்லார் கண்ணுக்கும் முன்னால் வெறும் மருந்தைக் கெட்டிக்கவேண்டும். குழாய்க்குள் கம்பியை விட்டுப் பார்த்து, சரி என்று சொல்வதற்கு ஒரு ஆள். அது சவரியப்பன். திருவிழாவில் பங்கில்லாதவர் பார்த்தால்தான் யாருக்கும் தயவு தாட்சணியம் இருக்காது என்று ஊரில் முடிவு செய்திருந்தார்கள். கழுத்தில் ஜெபமாலையோடு மனிதர் ரொம்பக் கறாராக உட்கார்ந்திருந்தார். கோயிலுக்குப் போகாத துப்பாக்கியின் சொந்தக்காரருக்குத்தான் அன்றைக்குக் கோயிலில் முதல் வேலை.

இங்கேயே முடித்திருப்பேன். ஆனால் எழுபதுகளின் தொடக்கத்தில், அரூர்ப் பக்கம் எனக்கு மாற்றலாகிவிட்ட பிறகு, தீர்த்தமலைக்கு வந்த மாதையன் என்னை விசாரித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார். காவேரி வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். மாதையன் மடியிலிருந்து ஒரு சுருக்குப்பையை எடுத்து மேஜைமேல் கொட்டினார். ஈயக்குண்டுகள். மண்ணுக்குள் கிடந்து வெளுத்துப்போனவை.

"அன்னிக்குக் கேட்டனில்லீங்க, எங்க எறங்கிச்சுன்னு" என்றார். "அன்னியில இருந்து ஏர் ஓட்டறப்பெல்லாம் மண்ணப் பாத்துக்கிட்டேதான் ஓட்டறன்."

ஒவ்வொன்றாக நகர்த்திக் காட்டினார். இது கடலைக்காட்டில், இது களத்துமேட்டில், இது கிணற்றுப் படியில். எல்லாம் ஆள் நடமாட்டமுள்ள இடம். கடைசியாக ஒன்றைத் தனியே எடுத்து வைத்தார். அது மட்டும் வெளுக்கவில்லை, புகை ஏறி அட்டைக்கறுப்பாக இருந்தது.

"போன மாசம் கூரையப் பிரிச்சு வாரை மரத்த மாத்துனம். பழைய வாரைல பொதஞ்சு கெடந்துச்சுங்க. எங்கப்பன் காலத்துக் குண்டு." அந்தக் கறுப்புக் குண்டை என் பக்கம் தள்ளினார். "அந்த வாரைலதான் எனக்குத் தூளி கட்டியிருந்தாங்களாம். ஆத்தா சொல்லுச்சு."

நான் உட்காருங்கள் என்று சொல்லிவிட்டு, இருவருக்கும் தண்ணீர் கொண்டுவரச் சொன்னேன்.